தற்காலிகப் பாலைவனத்துக் கல்

சர்க்காரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பட்டா கேட்டால் பேரன் காலத்திலாவது கிடைக்கும். வாய்க்கால் கேட்டால் வாய்க்கால் வெட்ட முடியாத காரணமாவது கிடைக்கும். ஆனால் ‘நான் சொல்வது நிஜம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்’ என்று மட்டும் போய் நின்றுவிடக் கூடாது. ஆரோக்கியசாமி போய் நின்றார்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையில் பாலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். பெயர் வேண்டாம். அன்றைக்குத் தாலுகா ஆபீசான கச்சேரியில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு அதே நாற்காலிகளில் இருக்கிறார்கள், மனசு நோகும். மகா யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆபித் பாஷாவின் தோல் பதனிடும் டேனரியில் ஆரோக்கியசாமிக்குப் பதினாலு வருஷமாகக் கடுக்காய்த் தொட்டி வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி வந்த தோலைக் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு, மிதக்காமல் இருக்க மேலே பலகை வைத்து, பலகை மேல் கல் ஏற்றுவார்கள். கடுக்காய்த் தண்ணீருக்கு இரும்பு ஜென்ம விரோதி. ஒரு ஆணி விழுந்தால் போதும், தோலெல்லாம் கறுத்துவிடும். அதனால் தொட்டிக்காரர்கள் அரைஞாண் கயிற்றில் தொங்கும் சாவியைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் பட்டப்பகலில், மேகமே இல்லாமல், இடி போல ஒரு சத்தம் கேட்டது. பாலாற்று மணலில் ஊற்று தோண்டிக்கொண்டிருந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மறுநாள் அந்த வழியாக வந்த ஆரோக்கியசாமி மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு கறுப்புக் கல்லைப் பார்த்தார். உரிக்காத தேங்காய் அளவுதான்; தூக்கினால் எட்டு வீசைக்குக் குறையாது. வேறு யாராவது பார்த்திருந்தால் சாமி என்றிருப்பார்கள், பிசாசு என்றிருப்பார்கள். தொட்டிக்காரன் கண்ணுக்குக் கல் என்றால் பாரம். சின்னக் கல், பெரிய பாரம் என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து பலகையின் ஓரத்தில் வைத்தார். அது சறுக்கித் தொட்டிக்குள் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் பதினேழு தோலிலும் கறுப்புப் புள்ளி.

“இரும்பு போட்டவன் எவன்?” என்று ஆபித் பாஷா கத்தினார்.

“இரும்பு இல்லீங்க பாய். இந்தக் கல்லுதான் உள்ள கெடந்துது. கல்லு ஒட்டின எடத்துலதான் கறுப்பு ஜாஸ்தி, பாருங்க.”

“கல்லுல எங்கேடா இரும்பு இருக்கும்? பதினாலு வருசம் தொட்டியில நின்னவன் பேசற பேச்சா இது? கத்தியோ ஆணியோ போட்டுட்டுக் கல்லு மேல பழி போடறே. போ, கல்லுல இரும்பு இருக்குதுன்னு சர்க்கார்ல எழுதி வாங்கிட்டு வா. அது வரைக்கும் தொட்டிப் பக்கம் கால் வெக்காதே!”

ஆபித் பாஷா கெட்ட மனுஷர் இல்லை. கோபத்தில், குதிரைக் கொம்பு கொண்டு வா என்கிற அர்த்தத்தில் சொன்னார். ஆரோக்கியசாமி அதைப் போக வேண்டிய முகவரியாக எடுத்துக்கொண்டார். அவர் நிலைமை அப்படி. குடியிருந்தது டேனரி கொடுத்த லைன் வீட்டில். மனைவி அன்னம்மாளுக்கு அதே டேனரியில் தோல் மயிர் பொறுக்கும் வேலை. தொட்டி போனால் எல்லாம் போகும். போதாததற்கு, ‘தொட்டியில் இரும்பு போட்டவன்’ என்று பெயர் வந்துவிட்டால் குடியாத்தம் முதல் வாணியம்பாடி வரை எந்த டேனரியும் வாசலில் சேர்க்காது. ஆக அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரி.

கல்லைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு தாலுகா கச்சேரிக்குப் போனார். ஹெட் குமாஸ்தா கோதண்டராமன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இது என்ன கல்?”

“அதைத்தாங்க அய்யா எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேக்க வந்தேன்.”

“கச்சேரிக்குத் தெரிந்து கல் நாலு விதம். சர்வே கல், மைல் கல், கோயில் கல், சமாதிக் கல். இதில் எது?”

“எதுவும் இல்லீங்க. வானத்துலேர்ந்து விழுந்துது.”

“ஐந்தாவது கிடையாது” என்றார் கோதண்டராமன். “நாலில் ஒன்றைச் சொல். சர்வே கல்லைப் பிடுங்கினால் ஜெயில். நிதானமாக யோசித்துச் சொல்.”

யோசித்து முடிக்கும் வரை உட்காரச் சொன்னார்கள். அதற்குள் சர்வே ஆட்கள் சங்கிலியோடு புறப்பட்டுப் போய் எட்டு நாள் தாலுகா முழுவதும் தேடினார்கள். மூன்று சர்வே கல் காணவில்லை. அவை காணாமல் போனது ஆரோக்கியசாமியின் தாத்தா காலத்தில். ஆனாலும் இந்தக் கல்லாக மூன்றில் ஒன்று கிடைத்துவிட்டதில் சர்வே ஆட்களுக்குப் பரம திருப்தி. மீதி இரண்டையும் எங்கே வைத்திருக்கிறாய் என்று அவரை அன்பாகவே விசாரித்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது.

கடைசியில் தாசில்தாரே தலையிட்டார். அவர் படித்தவர், வானத்திலிருந்து கல் விழும் என்று எங்கோ படித்திருந்தார்.

“ஆகாயம் யாருடையது என்று விதியில் இல்லை” என்று அவர் தாழ்வாரத்தில் நின்றபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “ஆனால் விழுந்த இடம் என் தாலுகா. ஆகவே இந்தக் கல் விழுந்துகொண்டிருக்கும்போதே சர்க்கார் சொத்தாகிவிட்டது. சர்க்கார் சொத்தை எடுத்துத் தோல் தொட்டியில் போட்டிருக்கிறாய். உன்னை நான் தண்டிக்கலாம். நான் இரக்கம் உள்ளவன், தண்டிக்கவில்லை. பட்டணத்திலிருந்து நிபுணர் வந்து இது எந்த இனம் என்று வகைப்படுத்தும் வரையில் உன்னையே இதற்குக் காவலாகப் போடுகிறேன்.”

“எனக்கு வேலை இருக்குதுங்களே எசமான்.”

“இதுதான் இனி உன் வேலை.”

“சம்பளங்க?”

“கல் காவலர் என்ற உத்தியோகம் சர்க்காரில் கிடையாது. இல்லாத உத்தியோகத்துக்குச் சம்பளம் எப்படித் தருவது?”

“அப்பிடீன்னா எனக்கு வேணாங்க. நான் வுட்டுட்டுப் போறேன்.”

கோதண்டராமன் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “இல்லாத உத்தியோகத்தை ராஜினாமா செய்யவும் விதி இல்லை.”

கச்சேரித் தாழ்வாரத்தில் கல்லை வைத்துக்கொண்டு, அதைவிட்டுப் பத்தடிக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. பத்தடிக்குள் கிணறு இல்லை. ஆகவே குளிக்கப் போகும்போது கல்லையும் தலையில் தூக்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அப்படியே. அன்றைக்குப் பாதிரியார் மனிதனின் பாவச் சுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது கோயில் முழுவதும் திரும்பி ஆரோக்கியசாமியின் மடியைப் பார்த்தது. அவமானத்தில் மனுஷர் அழுதேவிட்டார்.

அன்னம்மாள் தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருவாள். வந்ததும் வராததுமாகக் கச்சேரி ஜன்னலைப் பார்த்துச் சத்தம் போடுவாள்.

“ஏன் சாமி, கல்லு ஓடியா போவப்போவுது? கால் இருக்கிற மனுசனைக் கட்டிப் போட்டுட்டுக் கால் இல்லாததைக் காவல் காக்கச் சொல்றீங்களே, இது இன்னா நாயம்?”

“இந்த அம்மாள் கேட்பது நியாயம்” என்று கோதண்டராமன் ஒப்புக்கொண்டு, கல் தானாக நகர்வதில்லை என்பதற்கு ஒரு காவல் பதிவேடு போட்டார். ஆரோக்கியசாமி மணிக்கொரு தடவை ‘கல் நகரவில்லை’ என்று அதில் விளக்குக் கரி தொட்டுக் கைநாட்டு வைக்க வேண்டும். அன்று முதல் அன்னம்மாள் ஜன்னலைப் பார்த்துப் பேசுவதில்லை.

ஐம்பதாம் நாள் பட்டணத்திலிருந்து நிபுணர் ராமமூர்த்தி வந்தார். பூதக்கண்ணாடி, தராசு, அச்சடித்த ஃபாரம் எல்லாம் கொண்டுவந்திருந்தார். அந்த ஃபாரம் எங்கோ வடக்கே, மணல் தேசத்துக் கற்களுக்காக அச்சடித்ததாம். கல் கிடைத்த இடம் என்ற கட்டத்தில் மலை, வயல், வீடு, பாலைவனம் என்று நாலே இருந்தன. ஆறு இல்லை.

“ஆறு என்று கையால் எழுதிவிடலாமே” என்றார் கோதண்டராமன்.

“எழுதலாம்” என்றார் நிபுணர். “ஆற்றில் கிடைத்தால் எத்தனை அடி தண்ணீரில் என்று மேலிடத்தில் கேட்பார்கள். பாலாற்றில் எத்தனை அடி தண்ணீர்?”

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாலைவனம் என்றே எழுதுவது என்று முடிவானது. தாசில்தார்தான் பயந்தார். தன் தாலுகாவில் அனுமதி இல்லாமல் ஒரு பாலைவனம் இருப்பதாகத் தெரிந்தால் கலெக்டர் சும்மா விடுவாரா? ஒரு மணி நேரம் மூன்று பேரும் மூளையைக் கசக்கி, ‘தற்காலிகப் பாலைவனம் (மழை வரும் வரை)’ என்று பென்சிலால் எழுதினார்கள். தாசில்தார் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்து இனம். வானத்துக் கல்லில் மூன்றே இனமாம்: கல் இனம், இரும்பு இனம், இரண்டும் சரிபாதி கலந்த இனம். ராமமூர்த்தி கல்லின் ஓரத்தைத் தட்டி உடைத்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, ‘கல் இனம்’ என்றார்.

ஆரோக்கியசாமி பதறி முன்னால் வந்தார். “அய்யா, இதுல இரும்பு இருக்குதுங்க.”

“இருக்கிறதே. பொடிப் பொடியாக மின்னுகிறது பார். கல் இனத்திலும் கொஞ்சம் இரும்பு இருக்கும்.”

“அப்பாடா. அதை ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சாமி, நீங்க நல்லா இருப்பீங்க.”

ராமமூர்த்தி ஃபாரத்தைக் காட்டினார். “இதில் இனத்துக்குத்தான் கட்டம் இருக்கிறது, உள்ளே இருப்பதற்குக் கட்டம் இல்லை. நான் வகைப்படுத்துகிறவன். பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் எந்தப் பொருளையும் வகைப்படுத்த முடியாது. இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.”

“அப்பிடீன்னா நானே காட்டறேன்” என்றார் ஆரோக்கியசாமி. பதினாலு வருஷத் தொட்டிக்காரரின் ரோஷம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளியே வந்தது. அன்னம்மாளை விட்டுக் கடுக்காய்த் தண்ணீர் ஒரு சட்டி கொண்டுவரச் சொன்னார். உடைந்த துண்டைப் பொடி செய்து அதில் போட்டார். காலையில் பழுப்பாக இருந்த தண்ணீர் சாயங்காலம் கச்சேரி மூடுவதற்குள் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது.

“பாருங்க எசமான்! வெறும் கல்லு இப்பிடிக் கறுக்குமா? இரும்பு இருக்கக்கொண்டுதானே கறுக்குது?”

தாசில்தார் பார்த்தார். நிபுணர் பார்த்தார். கோதண்டராமன் சட்டியை வெகு நேரம் பார்த்துவிட்டு, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து அதில் தோய்த்து ஒரு காகிதத்தில் கோடு இழுத்தார். கோடு பளிச்சென்று விழுந்தது.

“மை!” என்றார்.

விஷயம் இதுதான். கச்சேரியில் மை தீர்ந்து மூன்று மாசமாகிறது. மை கேட்டு ஜில்லாவுக்கு எழுத வேண்டும். எழுத மை இல்லை. பென்சிலால் எழுதிய கோரிக்கையைப் பென்சிலால் எழுதியிருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆரோக்கியசாமி காட்டிய அத்தாட்சியை மூன்று பேரும் மெய்மறந்து பாராட்டினார்கள், அத்தாட்சியாக மட்டும் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அந்த மையைத் தொட்டே கோதண்டராமன் சர்டிபிகேட் எழுதினார்:

‘தற்காலிகப் பாலைவனத்தில் கிடைத்த மேற்படி கல், கல் இனம். இரும்பு இனம் அல்ல. மேற்படி கல் உள்ள வரையில் ஆரோக்கியசாமி என்பவர் அதன் காவலராக இருந்து வருவார்.’

அதை ஆபித் பாஷாவிடம் காட்டிவிட்டு வர அரை நாள் அனுமதி கிடைத்தது. திரும்பி வரும் வரை பிணையாக அன்னம்மாள் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாய் காகிதத்தை வாங்கிப் படித்தார். முகம் இருண்டது. “இரும்பு இல்லேன்னுதானே எழுதியிருக்குது?” என்றவர், ஏதோ வாசனை பிடித்தவராகக் காகிதத்தை மூக்கருகில் கொண்டுபோனார். எச்சில் தொட்ட விரலால் ஒரு எழுத்தைத் தேய்த்தார். முப்பது வருஷம் தோலோடு வாழ்ந்த மனுஷர்.

“கடுக்காய்! அரே, இது கடுக்காய் மை. இரும்பு எங்கேர்ந்து வந்துது?”

“கல்லுலேர்ந்துதான் பாய். வேற ஒண்ணுமே போடல. என் கண்ணு முன்னால, நானே கரைச்சேன்.”

ஆபித் பாஷா காகிதத்தைக் கீழே வைத்தார். ஆரோக்கியசாமியின் தோளில் கை வைத்தார். “நீ சொன்னது நெசம். நான்தான் கோவத்துல வாய வுட்டுட்டேன். மனசுல வெச்சிக்காதே தோஸ்த்.”

ஆரோக்கியசாமி அரைஞாணிலிருந்த சாவியைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போகத் திரும்பினார்.

“இரு, இரு” என்றார் பாய். “கடைசி வரியைப் பாத்தியா? கல்லு உள்ள வரைக்கும் நீ சர்க்கார் ஆளு. சர்க்கார் ஆளை நான் தொட்டியில வெச்சா, கல்லும் வரும், பின்னாலேயே கச்சேரியும் வரும். எனக்குப் பேஜாரு. கல்லு இல்லாம வா. அது வரைக்கும் உன் எடத்துல யாரையும் வெக்கல.”

திரும்பி வந்ததும் புருஷனும் பெண்சாதியும் கல்லுக்கு இருபுறமும் உட்கார்ந்து யோசித்தார்கள். அன்னம்மாளுக்குத்தான் வழி தெரிந்தது.

“கல்லு உள்ள வரைக்கும்னுதானே எழுதியிருக்காங்க? கல்லை மையாக்கித் தீத்துப்புடுவோம்யா. கச்சேரிக்காரங்க எழுதாம இருப்பாங்களா?”

ஆனால் கச்சேரி வாரத்துக்குப் பத்து வரிதான் எழுதியது. அன்னம்மாள் லைன் முழுவதும் வீடு வீடாகப் போனாள். அந்த மாசம் எங்கள் ஊரிலிருந்து வந்த மனுக்களைப் போல் கச்சேரி கண்டதில்லை. பக்கத்து வீட்டுச் சேவல் காலையில் தாமதமாகக் கூவுகிறது என்று கெங்கம்மாள் என்பவள் ஒரு மனு போட்டாள். அதற்கு விசாரணை, வாக்குமூலம், சேவலின் வயது குறித்து மிருக வைத்தியருக்கு ஒரு கடிதம், ஆறு நகல். மை ஆறாக ஓடியது. அசல் ஆற்றில் இல்லாத ஓட்டம் அது. ஆரோக்கியசாமி இரவல் உலக்கையால் தினமும் கல்லை இடித்தார்; இரும்பு மையோடு போனது, மிச்சப் பொடியை ஈர எழுத்து உலர மேலே தூவும் மணலாகக் கச்சேரி வாங்கிக்கொண்டது. கோதண்டராமனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “காவலர் என்றால் இவரல்லவோ காவலர்” என்றார்.

ஆவணி மாசம் கடைசி வாரம், கடைசித் துண்டும் சட்டிக்குள் போயிற்று. ஆரோக்கியசாமி சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, அன்னம்மாளையும் கூட்டிக்கொண்டு, கோதண்டராமன் முன்னால் போய் நின்றார். நாலு மாசத்தில் அவர் நிமிர்ந்து நின்றது அன்றைக்குத்தான்.

“கல்லு தீந்துபோச்சுங்க அய்யா. நான் வர்றேன்.”

“தீர்ந்ததா? சர்க்கார் கல் எப்படித் தீரும்?”

“அதோ, அந்த அலமாரியில இருக்குதுங்க. நீங்க எழுதினது பூரா அதுதான். மேல தூவினதும் அதுதான்.”

கோதண்டராமன் நடுங்கிப்போய் தாசில்தாரிடம் ஓடினார். தாசில்தார் வந்து அலமாரியைத் திறந்தார். நூற்றுப் பன்னிரண்டு கட்டு. ஒரு கட்டை எடுத்துத் தட்டினார். கறுப்புப் பொடி உதிர்ந்தது. தராசு கொண்டுவரச் சொல்லி, எழுதிய காகிதத்தை ஒரு தட்டிலும் எழுதாத காகிதத்தை ஒரு தட்டிலும் வைத்து நிறுத்தார்கள். எழுதியது கனமாக இருந்தது. தாசில்தார் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

“இந்த ஆள் சொல்வது நிஜம்” என்றார். “கல் இருக்கிறது. ஒரு குன்றிமணிகூட வெளியே போகவில்லை. கல்லாக இருந்தது, கட்டாக இருக்கிறது, வடிவம்தான் வேறு. ஆரோக்கியசாமி, இவ்வளவு விசுவாசமாகச் சர்க்கார் சொத்தைக் காத்தவன் இந்த ஜில்லாவில் இல்லை. இனி இந்தக் கட்டுகளுக்கு நீதான் காவல்.”

ஆரோக்கியசாமி அந்த நூற்றுப் பன்னிரண்டு கட்டையும் பார்த்தார்.  நாலு மாசம் முன்னால் தன் வார்த்தையை நிஜம் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்க மாட்டாரா என்று அலைந்த மனுஷர், இப்போது அதைக் கேட்டுச் செத்துப்போய் நின்றார்.

அன்னம்மாள்தான் கேட்டாள். “இந்தக் காயிதத்தை எல்லாம் எப்ப சாமி தூக்கிப் போடுவீங்க?”

“தூக்கிப் போடுவதா?” கோதண்டராமன் காதைப் பொத்திக்கொண்டார். “வானத்திலிருந்து வந்தது அம்மா. நிரந்தரக் கட்டு.”

பாய் ஐப்பசி வரைக்கும் அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்து பார்த்தார். பிறகு பேர்ணாம்பட்டிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அது பின்னால் நடந்தது. அன்றைக்கு அன்னம்மாள் அலமாரியிலிருந்து வாசல் வரை காலால் அளந்து பார்த்தாள். ஒன்பதரை அடி இருந்தது; பத்தடி உத்தரவுக்கு வாசல் வரை வரலாம். காலித் தூக்குச்சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

“நாளைக்கு இன்னா கொழம்பு வெக்கட்டும்?” என்று கேட்டாள்.